பீட்டரின் பதிலாள்

தேர்வாய் கண்டிகை
11.03.2024

அன்புள்ள ஷைனிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே நாள் நடக்கிறது. பூனாவில் உனக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா? சுடுதண்ணீர் குடிக்கிறாயா?

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம். கெட்ட செய்தி ஏதும் இல்லை. போன வாரம் இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் சேர்ந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டிக்கே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே அறை. போனில் நான் உன்னிடம் எதைச் சொன்னாலும் உன் அண்ணன் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மெசேஜ் எழுதினால் யாருக்கு என்று கண்ணாலேயே விசாரிக்கிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் அண்ணனுக்கு இப்போது வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் அசைகிறது. பேச்சு குழறிவிட்டது. இந்த நோயில் புத்திக்கு ஒன்றும் ஆகாது, தசைகள்தான் ஒவ்வொன்றாகக் கைவிடும் என்று டாக்டர் சொன்னாரே, அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது. இப்போது அதுதான் கொடுமையாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை “தோ... தோ...” என்றார். தோசை கேட்கிறார் என்று மாவு வாங்கி வந்து சுட்டு ஊட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் குணா வந்தான். பிரஸ் ஷாப்பில் உன் அண்ணனோடு ஒரே மெஷினில் நின்றவன், உனக்குத் தெரியுமே. வந்ததும் வராததுமாக, “இன்னா அண்ணி, அண்ணனுக்கு தோளு அடியில மடங்கிக்கினு கீது, அத்த பாக்கலியா?” என்றான். காலையிலிருந்து தோள் உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டு வலித்திருக்கிறது. நான் தோசையை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ கம்ப்யூட்டரில் திரை செய்கிற வேலையில்தானே இருக்கிறாய்? ஒரே ஒரு விரல் இருக்கிறவருக்கு ஏதாவது செய்ய முடியுமா? நான் கேட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். பதிலைக் குணா வீட்டு விலாசத்துக்குப் போடு.

வேளைக்குச் சாப்பிடு. உனக்காக ஜெபிக்கிற,
அண்ணி கிரேஸ்


புனே
20.03.2024

அன்பு அண்ணிக்கு,

ஷைனியின் வணக்கம். சளி விட்டது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று இங்கே நாலு வரி எழுதி, அடித்துவிட்டேன். நின்றபடியே செய்கிற வேலையா? உங்கள் முதுகு தாங்குகிறதா?

தோசை விஷயத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வந்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு டேப்லெட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுவிட்சும் அனுப்புகிறேன். திரையில் ‘தண்ணி’, ‘திருப்பிப் படுக்க வை’, ‘வலி’, ‘லைட்டை அணை’ என்று பொத்தான்கள் இருக்கும். ஒரு வெளிச்சம் அவற்றின்மேல் ஒவ்வொன்றாக ஓடும். வேண்டிய வார்த்தைமேல் அது வரும்போது அண்ணன் விரலால் சுவிட்சைத் தட்டினால் போதும். டேப்லெட் அதைச் சத்தமாகச் சொல்லும், போனுக்கும் அனுப்பும். எழுத்துக் கூட்டி எழுதவும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்.

உன் வேலை என்ன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் “கம்ப்யூட்டர்” என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன். திரையில் தெரிகிற பொத்தான், பட்டியல், ஜன்னல் எல்லாவற்றையும் நாங்கள் செய்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். எங்கள் பொத்தானுக்குத் தன்னை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அதை ஒரே இடத்தில்தான் பயன்படுத்த முடியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டெலிகேட்’ வைப்போம். நான் எனக்குள் அதைப் பதிலாள் என்று சொல்லிக்கொள்வேன். அழுத்தினால் பொத்தான் பதிலாளிடம் சேதி சொல்லும். ஆக வேண்டியதைப் பதிலாள் பார்த்துக்கொள்ளும். ஆனால் பொத்தான் தன் பதிலாளைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால், வேலை முடிந்த பிறகும் இருவராலும் வெளியேற முடியாமல் உள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அதற்காகத்தான் அப்படி.

அண்ணனின் இந்தப் பேச்சுப் பலகைக்கு முதல் பதிலாள் நீங்கள். நீங்கள் கம்பெனியில் இருக்கும் நேரத்துக்கு நான். ஆபீஸில் சோதித்துப் பார்க்கச் சும்மா கொடுத்தது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி.
ஷைனி


தேர்வாய் கண்டிகை
22.04.2024

அன்புள்ள ஷைனிக்கு,

அண்ணியின் அன்பு. எல்லோரும் சுகம். இன்றைக்கு அப்படி எழுதும்போது கை கூசவில்லை.

பெட்டி வந்தது. குணா லீவு போட்டுவிட்டு வந்து, கட்டிலுக்கு ஒரு இரும்புக் கை வெல்டிங் செய்து மாட்டினான். “ண்ணா, தோ பாரு, லைட்டு ஓடிக்கினே இருக்கும். உன் எழுத்து மேல வந்தா ஒரு தட்டு தட்டு, அவ்ளோதான்” என்று அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னான். உன் அண்ணன் ரொம்ப நேரம் தட்டித் தட்டி நிறுத்தினார். டேப்லெட் பொம்பளைக் குரலில் வாசித்தது: “குணா தள்ளி உக்காரு. வேர்வ நாறுது.”

குணா துள்ளி எழுந்தான். “அட, அண்ணன் திட்டறாரு அண்ணி! நல்லா திட்டறாரு!” என்று என்னைப் பார்த்துக் கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் வந்துவிட்டாள். உன் அண்ணன் சிரித்தார். சத்தம் வரவில்லை, மூச்சுதான் தடதடவென்று வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஆபீஸில் சும்மா கொடுத்ததாம் என்றேன். “ஷைனி பொய் சொன்னா உனக்கு தெரியாது. எனக்கு தெரியும்” என்று எழுதினார். நீ எழுதியதை எனக்குப் புரிந்தமட்டும் அவரிடம் சொன்னேன், நீ போனில் சொன்னதாக. பொத்தான் யாரையும் பிடித்து வைத்துக்கொள்ளாது என்ற இடத்தில் மறுபடியும் சொல்லச் சொன்னார். “அது நல்லா கீது” என்று எழுதினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வா. உன்னை நினைக்காத நாளில்லை.
கிரேஸ்


புனே
19.05.2024

அன்பு அண்ணிக்கு,

நலம். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

என் நாட்களைப் பற்றிச் சொல்கிறேன், சிரிப்பீர்கள். பகலில் மீட்டிங்கில் இருப்பேன். போன் ஒரு தடவை அதிரும்: ‘தண்ணி’. உடனே வெளியே வந்து பூவம்மாளைக் கூப்பிடுவேன். அவர்களிடம் இருப்பது பழைய பட்டன் போன், டி.வி. சத்தத்தில் டேப்லெட் குரலும் காதில் விழாது. “இன்னாம்மா ஷைனி, பீட்டருக்கு தண்ணியா? தோ போறேன், இந்த சீன் முடியட்டும்” என்பார்கள். நான் போனை வைக்காமல் காத்திருப்பேன். ஸ்பூன் டம்ளரில் படுகிற சத்தம் கேட்டதும் வைப்பேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆள் தண்ணீர் கேட்டால் அது புனே வரைக்கும் வந்து பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஆனாலும் போகிறதே அண்ணி. தினமும் அந்த அதிர்வுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபீஸில் ஒரு தகராறு. திரையில் ஒரு ஜன்னலை மூடப் போகும்போது, எங்கள் முறைப்படி அந்த ஜன்னல் தன் பதிலாளிடம் கேட்கும்: ‘மூடலாமா?’ பதிலாள் ஆம் என்றால்தான் மூடும். பதிலாளே இல்லாவிட்டால் என்ன செய்வது? கேட்க ஆளில்லை என்றால் மூடிவிடு என்கிறார் எங்கள் டீம் லீட். திறந்தே இருக்கட்டும், யாராவது வருவார்கள் என்றேன் நான். வாக்கெடுப்பில் தோற்றுவிட்டேன்.

அண்ணனை மேல்மூச்சு வாங்காமல் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள்.
அன்புடன் ஷைனி


தேர்வாய் கண்டிகை
15.07.2024

அன்புள்ள ஷைனிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கம்பெனியில் ஆள் குறைவு, ஓவர்டைம். நடுவில் நல்ல மழை, தண்டவாளத்துப் பக்கம் தண்ணீர் நின்று ரயிலெல்லாம் தாமதம். குணாவுக்குப் பெண் பார்க்கிறார்கள், ஆரம்பாக்கத்தில்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். சென்னைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் ரொம்ப நேரம் பேசினார்.

ஒரு உதவி. பலகையில் புதிதாக ஒரு பக்கம் வேண்டும். அதில் ரெண்டே ரெண்டு பொத்தான். ஒன்று ‘வேணும்’, இன்னொன்று ‘வேணாம்’. பெரிதாக இருக்கட்டும். கை தவறி மாற்றி அழுத்திவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாத மாதிரி இருக்க வேண்டும். வேறொன்றுமில்லை.

குடை எடுத்துக்கொண்டு போ.
கிரேஸ்


புனே
12.08.2024

அன்பு அண்ணிக்கு,

நலமா? நீங்கள் கேட்ட பக்கத்தை அன்றைக்கே செய்து இங்கிருந்தே பலகையில் ஏற்றிவிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. டாக்டர் என்ன பேசினார் என்றும் சொல்லவில்லை. போனில் கேட்டால் “அப்புறம் பேசறேன் ஷைனி” என்கிறீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். கொஞ்ச நாளாகப் பகலில் எனக்கு ஒரு சேதியும் வருவதில்லை. அண்ணனுக்கு விரல் போய்விட்டதோ என்று பயந்து பலகையின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். சுவிட்ச் வேலை செய்கிறது. அண்ணன் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார். ‘தண்ணி’, ‘தண்ணி’, ‘திருப்பிப் படுக்க வை’, மறுபடி ‘தண்ணி’. ஆனால் பகல் நேரத்துக்கு என் பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறது. யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். பதிலாள் இல்லாத பொத்தான் அழுத்தினால் ஒரு தப்பும் காட்டாது அண்ணி, சிவப்பு விளக்கும் எரியாது. சத்தமில்லாமல் ஒன்றுமே நடக்காது. அப்படித்தான் நாங்களே செய்து வைத்திருக்கிறோம்.

யார் எடுத்தது? நான் ஏதாவது தப்பு செய்தேனா?

பதிலுக்குக் காத்திருக்கும்
ஷைனி


தேர்வாய் கண்டிகை
30.09.2024

அன்புள்ள ஷைனிக்கு,

அண்ணியின் அன்பு. உன் கடிதம் என் பையிலேயே இருந்தது. எடுப்பேன், வைப்பேன். இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

உன் பெயரை எடுத்தது உன் அண்ணன்தான். நான் இல்லாத நேரத்தில் குணாவை வைத்துச் செய்திருக்கிறார். ஒருநாள் நீ ஏதோ பெரிய மீட்டிங்கை விட்டு எழுந்து வந்து போன் செய்தாயாம். “பாவம், பொண்ண அங்க திட்றாங்க போல” என்று பூவம்மாள் இவர் காதில் போட்டிருக்கிறாள். நான் கேட்டதற்கு எழுதினார்: “நான் தண்ணி கேட்டா பூனாவுல மணி அடிக்குது. இன்னா பேஜாரு இது. அவள வேல பாக்க வுடு.”

சரி, பின்னே யாரும் வராத நேரத்தில் ஏன் அழுத்தினீர்கள் என்றேன். ரொம்ப நேரம் வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. “கேட்டா கொஞ்சம் தேவலாம்” என்று எழுதினார். நான் அடுப்பைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். இப்போது பூவம்மாள் தன் டி.வி.யைத் தூக்கிவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டாள். பகல் முழுக்க இங்கேயே உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். இவர் தண்ணீர் கேட்டால் சீனைக்கூட விட்டுவிட்டு எழுகிறாள்.

இனி டாக்டர் பேசியதைச் சொல்கிறேன். மூச்சு விடுகிற தசைகளும் தளர்ந்துகொண்டு வருகிறதாம். என்றைக்காவது மூச்சு நின்று போகும்போது தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் வைக்கலாம். வைத்தால் அப்புறம் அதை எடுக்க முடியாது. உயிர் இருக்கும். விரலும் போன பிறகும், கண் இமை போன பிறகும் இருக்கும். “நோயாளிக்கு நினைவு தெளிவா இருக்கும்போதே கேட்டு முடிவு பண்ணிக்குங்க” என்றார். அதற்குத்தான் அந்த ரெண்டு பொத்தான். அடுத்த தடவை போனபோது டாக்டரே அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டார். வேணாம் என்று அழுத்தினார். டாக்டர் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வேணாம்.

“அந்த நேரத்துல அவரால பதில் சொல்ல முடியாதும்மா. உங்களத்தான் கேப்போம்” என்று என்னிடம் சொன்னார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன் எழுதினார்: “நான் சொன்னத சொல்லுவியா?” நான் பொய் சொல்லவில்லை ஷைனி. “மாட்டேன். எப்டி கிடந்தாலும் எனக்கு நீ வேணும்” என்றேன். அவர் கோபப்படவில்லை. பிறகு எழுதினார்: “அப்போ டாக்டர ஷைனிய கேக்க சொல்லு. அவ என் பதில சொல்லுவா. நீ உன் பதில சொல்லுவ.” குணாவும் அப்போது அங்கே இருந்தான்.

இதை உனக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

உன்னைக் கர்த்தர் காக்கட்டும்.
கிரேஸ்


புனே
18.11.2024

அண்ணிக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க மனசு வரவில்லை, மன்னியுங்கள்.

என்னை ஏன் கேட்க வேண்டும்? கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலில் என்னை ஏற்றிவிட்டு, ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாரே, அந்த அண்ணனுக்கு நான் வேணாம் என்று சொல்ல வேண்டுமா? அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். உங்களால் முடியாததை என் தலையில் வைக்கிறார். அதை நீங்களும் தபாலில் போட்டுவிட்டு ‘உன்னைக் கர்த்தர் காக்கட்டும்’ என்கிறீர்கள்.

இதை எழுதிப் பல நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். கிழிக்கவில்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியட்டும்.

பதிலாள் தன் விருப்பத்தைச் சொல்லக் கூடாது என்று ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். யாருக்காக நிற்கிறதோ அதன் வேலையைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்பேன். இந்தத் தடவை அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அண்ணனிடம் நேரில் கேட்க வேண்டும். நீங்கள் அப்போது வீட்டில் இல்லாமல் இருந்தால் நல்லது.

ஷைனி


தேர்வாய் கண்டிகை
06.01.2025

அன்புள்ள ஷைனிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரைப் பூவம்மாள் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆராதனை முடிந்தும் நான் வேண்டுமென்றேதான் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கேக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது நீ உன் அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாய். தாடையில் நுரையோடு அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “பேசிட்டோம் அண்ணி” என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். உன் முகத்தைப் பார்த்தேன், அது போதும்.

நீ போனபிறகு அவருக்கு விரல் நின்றுவிட்டது. குணா சுவிட்சைப் புருவத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிக் கொடுத்தான். மெதுவாகத்தான் முடிகிறது. நேற்று எனக்கு ஒரு வரி எழுதினார். முடிக்கிறதற்குள் அரிசி வெந்துவிட்டது. மணவாள நகரில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் நான் பத்து நாள் தூங்கிவிட்டு வர வேண்டுமாம். “தூங்கு கிரேசி” என்று எழுதியிருந்தார். கல்யாணமான புதிதில்தான் அப்படிக் கூப்பிடுவார்.

உடம்பைக் கவனி.
உன் அண்ணி


புனே
23.03.2025

அன்பு அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா? பூவம்மாளிடம் போனில் கேட்டேன், வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் அடக்கத்தின்போதும் என் பக்கம் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கையைப் பிடிக்க வந்தேன். முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டீர்கள். நகர்ந்தது சரிதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று என் தரப்பில் ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன். காய்ச்சல் வந்து சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று குணா காலையில் சொன்னான். விமான டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து கால் வந்தது. டாக்டர் பேசினார். “உங்க அண்ணனுக்கு மூச்சு நிக்கப் போகுது. டியூப் போடறதா இல்லையான்னு இப்பவே சொல்லணும். நேரமில்ல” என்றார். பின்னால் உங்கள் குரல் கேட்டது. “வேணும்னு சொல்லு ஷைனி, வேணும்னு சொல்லு” என்று கத்தினீர்கள். எனக்கும் அந்த வார்த்தைதான் நாக்கில் நின்றது.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அண்ணனிடம் நான் சண்டைதான் போட்டேன் அண்ணி. முடியாது என்றேன். அழுதேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுதினார்: “உன்ன தவுர யார்கிட்ட நான் இத கேக்க முடியும்?” முகம் கழுவிவிட்டு வந்து சவரம் செய்தேன்.

டாக்டரிடம் “வேணாம். அவருக்கு வேணாம்” என்றேன். ரெண்டு தடவை சொன்னேன். ஜன்னல், பதிலாள் என்று கற்றதெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றும் நினைவில் இல்லை. அண்ணன் முகம் மட்டும்தான் இருந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குணா என் நம்பரை டாக்டரிடம் கொடுத்ததற்காக அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் சொல்லி வைத்ததைத்தானே செய்தான்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள் ஷைனி


புனே
29.06.2025

அன்பு அண்ணிக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. அங்கே அனல் குறைந்ததா?

பதில் வரவில்லை. கடிதம் கிடைத்தது, நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்று குணா சொன்னான். அது போதும் என்று இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஜன்னல் சம்பந்தப்பட்ட வேலையை இப்போது வேறொரு பெண் பார்க்கிறாள். நான் கேட்டு மாற்றிக்கொண்டேன். பகலில் போன் அதிர்ந்தால் இன்னும் எழுந்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். உட்கார்ந்துவிடுகிறேன்.

திட்டியாவது எழுதுங்கள் அண்ணி.
ஷைனி


கும்மிடிப்பூண்டி
14.09.2025

அன்புள்ள ஷைனிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? நான் இருக்கிறேன். இன்றைக்கு லீவு, வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன். இனிமேல் மறைத்து எழுத யாரும் இல்லை.

ஆரம்பாக்கத்துப் பெண்ணே முடிவாகி, குணாவுக்குப் போன வாரம் கல்யாணம் ஆயிற்று. பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்று, “அண்ணி, ஷைனிக்கு ஒரு வரி எழுதேன். எத்தினி நாள்தான் அது அங்க ஒண்டியா அழுதுகினு இருக்கும்?” என்றான். மாலையும் கழுத்துமாக நின்று கேட்கிறான். என்னால் சாப்பிட முடியவில்லை.

உன் கடிதத்தில் ஒன்று தப்பு. உன் நம்பரைக் குணா கொடுக்கவில்லை. அவன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். அன்றைக்கு வேலையிலிருந்தது வேறு டாக்டர், சின்ன வயசு. உன் அண்ணன் பொத்தானை அழுத்தியதெல்லாம் அவருக்குத் தெரியாது. உன்னைப் பற்றியும் தெரியாது. வராண்டாவுக்கு ஓடிவந்து, “நீங்க அவர் ஒய்ஃப்தானே? டியூப் போடறோம், ஓகேவா?” என்றார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவர் உள்ளே ஓடியிருப்பார். வேணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக உன் அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்குத் தவிக்கிறார், ஆனாலும் கண் என் மேலேயே இருக்கிறது.

“அவரு தங்கச்சிய கேளுங்க” என்று சொல்லி உன் நம்பரை நான்தான் கொடுத்தேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்றைக்கே உன் முகத்தில் பார்த்துவிட்டேன். தெரிந்தேதான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வேணும்னு சொல்லு, வேணும்னு சொல்லு என்று பின்னாலிருந்து கத்தினேன். ரெண்டும் நான்தான் ஷைனி. ரெண்டும் உண்மைதான்.

அதற்கப்புறம் உன்மேல் கோபமாக இருந்தேன். காலையில் எழுந்தால் முதலில் அந்தக் கோபம்தான் வரும். பஸ்ஸில் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போவேன், வருவேன். கோபம் இருந்தவரைக்கும் வீட்டில் இன்னும் ஏதோ முடியாமல் இருக்கிற மாதிரி, உன் அண்ணனைப் பற்றிப் பேசித் தீர்க்க வேண்டியது இருக்கிற மாதிரி இருந்தது. கல்யாண வீட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். தேடிப் பார்த்தேன், அந்தக் கோபம் இல்லை.

மணவாள நகருக்கு வந்துவிடச் சொல்கிறார்கள். பூவம்மாள் ராத்திரியில் துணைக்கு வந்து படுப்பதாகச் சொல்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். லீவு கிடைத்தால் நீ வா. சமைத்து வைக்கிறேன். நீ வந்து போகிறவரைக்குமாவது வீட்டில் இன்னொரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அண்ணி,
கிரேஸ்